உலர் கிளட்ச்சின் ஒலியியல்: தேய்மானமும் அதற்கு வழங்கப்படும் விலையும் குறித்த ஓர் ஆய்வு

இத்தாலியின் பொலோனா நகரத்துப் போர்கோ பனிகாலே பகுதியில் உள்ள டுகாட்டி தொழிற்சாலை பல்லாண்டுகளாக உருவாக்கிய பந்தய வகை மோட்டார்சைக்கிள்கள், சிவப்பு விளக்கில் நிற்கும்போது எழுப்பும் கலகலப்பு குறித்து இரு கொள்கைகள் நிலவுகின்றன. அது அவ்வண்டியின் பிறவிக் குணம், ஆகவே போற்றத்தக்கது என்பது ஒன்று. உள்ளே ஏதோ கழன்றுவிட்டது, ஆகவே ஓரமாக நிறுத்திப் பார்க்கத்தக்கது என்பது மற்றொன்று. முன்னதை உரிமையாளரும் பின்னதை அண்டைவீட்டாரும் பெரும்பாலும் கொள்வர். பின்னதே உண்மைக்கு நெருங்கியது என்பதும், எனினும் பணம் செலவாவது முன்னதற்கே என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

கிளட்ச் என்பது எஞ்சினின் சுழற்சியைக் கியர்பெட்டிக்குக் கடத்தவும் வேண்டும்போது துண்டிக்கவும் அமைந்த தட்டடுக்கு. எஞ்சினோடு சுழலும் பாஸ்கெட் என்னும் கூண்டின் பள்ளங்களில் உராய்வுத் தட்டுகளின் காதுகள் பொருந்தியிருக்க, அத்தட்டுகளுக்கு இடையிடையே எஃகுத் தட்டுகள் கியர்பெட்டித் தண்டின் ஹப்பைப் பற்றியிருக்க, ஸ்பிரிங்குகள் அழுத்தத் தட்டின் வழியாக அனைத்தையும் ஒருசேர நெருக்கிப் பிடிக்கின்றன. பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் இவ்வடுக்கு எஞ்சின் எண்ணெயில் நனைந்தபடி சுழலும். எண்ணெய் படாமல் தனி அறையில் சுழல்வது உலர் கிளட்ச் எனப்படும். 1994இல் வந்த 916 முதல் 1198 வரையிலான டுகாட்டி பந்தய வகை வண்டிகள் பெரும்பாலும் இவ்வகையின.

ஓசையின் தோற்றுவாய் எளிது. கிளட்ச் லீவரை இழுத்தவுடன் ஸ்பிரிங்குகளின் பிடி விலகித் தட்டுகள் தளர்கின்றன; காதுக்கும் பள்ளத்துக்கும் இடையே சிறு இடைவெளி இருந்தே தீரும், அஃதில்லையேல் தட்டுகள் நகரா. இரு சிலிண்டர்கள் தொண்ணூறு பாகையில் அமைந்த இவ்வெஞ்சினில் அடுத்தடுத்த வெடிப்புகளுக்கு இடையே கிராங்க் ஒருமுறை 270 பாகையும் மறுமுறை 450 பாகையும் சுழல்வதால், ஐட்லிங்கில் பாஸ்கெட் சீராகச் சுழலாமல் உந்தியும் தயங்கியும் சுழல்கிறது. ஒவ்வோர் உந்தலிலும் பள்ளத்தின் சுவர் காதில் மோதுகிறது. எண்ணெய் இருந்தால் மோதலின் வேகம் தணியும், ஒலியும் அமுங்கும். இங்கு எண்ணெய் இல்லை. ஆகவே தகர டப்பாவில் கூழாங்கல்லிட்டுக் குலுக்கியது போன்ற ஒலி பிறக்கிறது. ஒவ்வொரு குலுக்கலிலும் அலுமினியப் பள்ளம் நுண்ணளவு குழிகிறது. குழியக் குழிய இடைவெளி விரிகிறது, விரிய விரிய மோதல் வலுக்கிறது. இதனால் பெறப்படுவது யாதெனில், ஒலி எவ்வளவு செழிப்போ அவ்வளவு தேய்மானம் என்பதே. இருபது அடி தொலைவில் கேட்கும் வண்டியின் உரிமையாளர் பெருமிதத்தோடு நிற்கையில், அவருடைய பாஸ்கெட் தன் ஆயுளை உரக்க எண்ணிக்கொண்டிருக்கிறது.

எண்ணெயின்றி இயங்குவதால் இழுவை குறைந்து சக்தி மிஞ்சும், தட்டுகளின் தேய்மானத் துகள் எஞ்சின் எண்ணெயில் கலவாது, எண்ணெயை வடிக்காமலே தட்டுகளை மாற்றலாம் என்பது உலர் கிளட்ச்சை ஆதரிப்பார் கூற்று. பந்தயக் களத்துக்கு இது முற்றிலும் பொருந்தும். மோட்டோஜிபி வண்டிகள் உலர் கிளட்ச்சையே கொண்டவை. நகரத்து நெரிசலில் அரைப்பிடியில் ஊர்ந்து செல்பவருக்கோ, வெப்பத்தைச் சுமந்து செல்ல எண்ணெய் இல்லாத தட்டுகள் வழுவழுத்தும் வளைந்தும் போவதே அக்கூற்றின் நடைமுறைப் பொருள்.

தேய்மானத்தை அறிய நம் தருக்க நூலார் வகுத்த காட்சி, கருதல், உரை என்னும் மூவகை அளவைகளும் பயன்படும். மூடியைக் கழற்றிப் பள்ளத்துச் சுவரில் படிபடியாக விழுந்த தழும்புகளையும் அறையெங்கும் படிந்த கருந்தூளையும் காண்பது காட்சி. நியூட்ரல் கிடைக்காமல் சிவப்பு விளக்கில் காலால் துழாவ நேர்வதிலிருந்து, தட்டுகள் தழும்பில் சிக்கி முழுமையாக விலகவில்லை என உய்த்துணர்வது கருதல். “எல்லா வண்டியும் அப்படித்தான் சத்தம் போடும்” என நண்பர் உரைப்பது உரை. மூன்றனுள் இறுதியதே மிகுதியும் நம்பப்படுகிறது. செலவில்லாதது அதுவே ஆதலின்.

மேம்பாடு எனப்படுவனவற்றுள் பயனுடையவை சிலவே. வழக்கமான பாஸ்கெட்டில் காதுக்குரிய பள்ளங்கள் 12. பந்தயத்திலிருந்து வந்த வகையில் 48. ஒரே விசை நான்கு மடங்கு முகப்புகளில் பகிரப்படுவதால் ஒவ்வொரு சுவரும் வாங்கும் அடி குறைகிறது. எனினும் 12 காதுத் தட்டுகள் இதில் பொருந்தாமையால் தட்டுகளையும் உடன் வாங்க வேண்டும். வகை எதுவாயினும் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது நன்று; குழிந்த பழைய பாஸ்கெட்டில் புதிய தட்டுகளை இடுவது சிக்கனமன்று, தட்டுகளைப் பலியிடுவதேயாம். ஸ்லிப்பர் கிளட்ச் என்பது பின்சக்கரம் எஞ்சினை முந்தும் வேளையில், அதாவது வேகத்தில் கியரைக் குறைக்கும்போது, ஹப்பிலுள்ள சாய்தளங்கள் அழுத்தத் தட்டைச் சற்றே தூக்கிப் பிடியைத் தளர்த்தும் அமைப்பு. பின்சக்கரம் துள்ளுவதை இது தடுப்பதால் இதன் விலைக்கு ஒரு நியாயம் உண்டு. லீவரின் கனத்தைக் குறைக்கப் பெரிய பிஸ்டன் கொண்ட, தட்டுகளை விலக்கும் ஸ்லேவ் சிலிண்டரைப் பொருத்துவோர், அதே அளவில் தட்டு விலகும் தூரமும் குறைவதை மறத்தலாகாது. வண்ணம் பூசிய ஸ்பிரிங் தொப்பிகளைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவை வண்ணம் பூசியவை.

எஞ்சியது மூடி. இது ஆராய்ச்சிக்கு உரிய பொருள். மூடியில் சாளரம் வெட்டினால் வெப்பமும் தூளும் வெளியேறும் என்பது உண்மை. மழைநீரும் மணலும் உட்புகும் என்பதும், ஈரம் பட்ட எஃகுத் தட்டுகள் துருவேறும் என்பதும் அவ்வளவே உண்மை. ஆயினும் திறந்த மூடியை வாங்குவோரில் வெப்பமானி கொண்டு அளந்து வாங்குவோர் அரியர். 48 பள்ளப் பாஸ்கெட்டால் ஒலியைத் தணித்த அதே கை, சாளர மூடியால் அதனைத் தெருவுக்குத் திறந்துவிடுவதே இத்துறையின் நடைமுறை.

2012இல் விற்பனைக்கு வந்த 1199 பனிகாலே எண்ணெயில் நனையும் கிளட்ச்சைப் பெற்றது. லீவர் இலேசாயிற்று, வண்டி அமைதியாயிற்று, பொறியியல் நோக்கில் விவகாரம் முடிந்தது. ஆனால் 2019இன் பனிகாலே வி4 ஆர் வண்டியிலும் 2021இன் வி4 எஸ்பி வண்டியிலும் தொழிற்சாலை உலர் கிளட்ச்சை மீண்டும் பொருத்தியது. ஈர கிளட்ச்சோடு வி4 வாங்கியவர்களுக்கு உலர் கிளட்ச்சைத் துணைப்பொருளாகவும் விற்கிறது. அமைதியான வண்டியை வாங்கியவர் அமைதியை அகற்றத் தனியே பணம் கட்டலாம்.