உமரிக்கு உப்புப் போட்டவன்

பழவேற்காடு ஏரிக்கு ஊரே பூநாரை பார்க்கப் போகும். நான் செடி பார்க்கப் போவேன். அதில் கொஞ்சம் திமிர் உண்டு, மறைப்பதற்கில்லை. பூநாரையை எல்லோருக்கும் தெரியும். சேற்றில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து பூண்டைப் பார்ப்பவனுக்கு ஒரு தனி மரியாதை கிடைக்கும் என்று எதிர்பார்த்தேன். போதாததற்கு, செடி பறந்து போகாது. என் வேகத்துக்குத் தோதான துறை.

முதல் அடியை உமரி கொடுத்தது. மழை ஓய்ந்த தை மாதம் ஏரிக்கரைச் சேற்றுவெளியில் இலையே இல்லாமல், கணுக்கணுவாகப் பச்சைத் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டு நின்றது. நோட்டில் வரைந்துகொண்டேன். பிறகு கோடையில் போனால் அதே இடத்தில் செக்கச்செவேலென்று இன்னொரு செடி. அதற்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, ‘செவ்வுமரி’ என்று நானே பெயரும் வைத்தேன். தாவரவியல் படித்த நண்பர் இரண்டு பக்கத்தையும் பார்த்துவிட்டு, “ரெண்டும் ஒரே ஆள்தான் சார், வெயில் ஏறினா செவந்துடும்” என்றார்.

அந்த ஏரியின் குணமே அப்படி. ஆரணியாறும் காளங்கியும் மழைநீரைக் கொண்டுவந்து கொட்டும்போது உப்பு இறங்கும். உமரி விதை முளைக்க அந்தச் சில வாரங்கள்தான் நல்ல நேரம். கோடையில் முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டால், தேங்கிய நீர் வற்றி, கடலையே மிஞ்சும் அளவுக்குக் கரிக்கும். உமரி அந்த உப்பை வெளியே தள்ளுவதில்லை. உறிஞ்சித் தண்டின் செல்களுக்குள் பூட்டி வைக்கிறது, கூடவே தண்ணீரையும். சதைப்பற்று அதனால் வந்தது. பருவம் முற்ற முற்ற நிறம் மாறுகிறது. ஒரே பிறவியில் இரண்டு வேஷம் போடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

சொன்னாலும் கேட்டிருப்பேனா தெரியாது. உமரியைச் சாப்பிடலாம் என்று படித்ததும் ஒரு கைப்பிடி கிள்ளி வந்து, பருப்புப் போட்டு, வழக்கப்படி உப்பும் போட்டுக் கூட்டு வைத்தேன். என் மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, “ஏங்க, கடலை எதுக்கு வீட்டுக்குக் கொண்டாந்தீங்க?” என்றாள். பவநகரில் இருக்கும் மத்திய உப்பு, கடல்சார் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் இதே உமரியிலிருந்து தாவர உப்பே எடுத்திருக்கிறது என்பதை அதன் பிறகுதான் படித்தேன். உப்பு எடுக்கிற செடிக்கு உப்புப் போட்ட கை என்னுடையது.

இவ்வளவுக்குப் பிறகும் நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போய் விளக்கம் சொல்வதை விடவில்லை. சேற்றில் வரிசை வரிசையாக நீட்டிக்கொண்டிருந்த குச்சிகளைக் காட்டி, வலை கட்டுவதற்காக மீனவர்கள் நட்டது என்றேன். படகுக்கார அண்ணன் வெகுநேரம் பொறுமையாக இருந்தார். நான் ஒரு குச்சியைப் பிடித்து இழுக்கவும்தான் வாயைத் திறந்தார்: “சார், அது கண்டலோட வேரு. மூச்சு வுடறதுக்கு மேல வந்துகீது, வுட்டுடுங்க.” சேற்றுக்குள் காற்றில்லாததால் வெண்கண்டல் தன் வேரை மேல்நோக்கி அனுப்புகிறது. அதன் இலையை நாக்கில் வைத்துப் பார்க்கவும் அவரே சொன்னார். கரித்தது. உமரி பூட்டி வைப்பதைக் கண்டல் இலை வழியாகக் கசியவிட்டுவிடுகிறது.

ஆழமில்லாத நீரில் இறங்கியபோது காலில் வழவழத்ததை எல்லாம் “பாசி, பாசி” என்று உதறினேன். அதில் ஒரு பகுதி கடற்புல். பாசிக்கு வேர் கிடையாது. இதற்கு வேர் உண்டு, தண்ணீருக்கு அடியிலேயே பூத்து, மகரந்தத்தை நீரோட்டத்திலேயே அனுப்பிக் காய்க்கவும் செய்கிறது. இறால் குஞ்சுக்கும் நண்டுக் குஞ்சுக்கும் அது ஒளிவிடம். இருளர் பெண்கள் நீருக்குள் உட்கார்ந்து, வெறும் கையால் தடவி இறால் பிடிக்கிற ஏரியில், கண்ணாடி போட்ட நான் இரண்டு கண்ணாலும் பார்த்துப் பாசி என்றேன்.

கரையேறிய பிறகு ஒரு மரத்தடியில் நின்று, மண்ணுக்குரிய தாவரங்களின் அருமை பற்றி அரைமணி நேரம் பேசியதும் உண்டு. அது சீமைக்கருவேலம். தென்னமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்தது.

மாடித் தொட்டி விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு தொட்டியில் உமரி, ஒன்றில் வங்கராவள்ளை என்கிற இன்னொரு உப்புநிலப் பூண்டு. இரண்டுக்கும் உப்புக் கரைத்துத் தினமும் ஊற்றினேன். ஏரியில் நீர் ஏறி இறங்கும், மழை வந்து மண்ணைக் கழுவிவிட்டுப் போகும். தொட்டியில் கழுவ யார் இருக்கிறார்கள்? மண்மேல் வெள்ளைப் பொருக்குத் தட்டி, உப்பிலேயே வாழப் பிறந்த செடி உப்பாலேயே செத்தது. வங்கராவள்ளை மட்டும் தழைத்தது. காரணம், என் மனைவி நான் பார்க்காத நேரத்தில் அதன் உப்பைக் கழுவிவிட்டு, அரிசி களைந்த தண்ணீரை ஊற்றி வந்திருக்கிறாள். உப்பில்லாவிட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும் ஜாதியாம். இப்போது நட்சத்திரம் மாதிரி இளஞ்சிவப்பாகப் பூத்திருக்கிறது. வீட்டுக்கு வருகிறவர்களுக்கு அதை வளர்க்கும் பக்குவத்தை நான்தான் விளக்கிக்கொண்டிருக்கிறேன்.