பட்டப்பகலில் நட்சத்திரம்

மொட்டை மாடியில் நாள் முழுக்க வெயில். வருடம் முழுவதும் பூக்கிற மாதிரி நட்சத்திரப் பூச்செடி ஒன்று சொல்லுங்களேன்? (வாசகி, மதுரை)

பென்டாஸ். கிழக்கு ஆப்பிரிக்காவும் ஏமனும் பிறந்த மண். மதுரை வெயிலைக் காட்டி அதை மிரட்ட முடியாது. நம் இட்லிப் பூவுக்கும் காப்பிச் செடிக்கும் சொந்தம். இட்லிப் பூவுக்கு நாலு இதழ், இதற்கு ஐந்து. சிவப்பு, ரோஸ், வெள்ளை, ஊதா என்று கொத்துக் கொத்தாய்ப் பூக்கும். வண்ணத்துப்பூச்சிகள் விலாசம் கேட்காமலே வந்து சேரும். மணம் மட்டும் கேட்காதீர்கள்.

தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியும் பென்டாஸ் வாடுகிறதே? (வாசகர், தஞ்சாவூர்)

ஊற்றுவதால்தான் வாடுகிறதோ என்னவோ! வேர் அழுகினாலும் செடி தாகத்தில் துவண்டது போலவே தெரியும். நாம் பதறிப்போய் இன்னொரு குடம் ஊற்றுவோம், கதை முடிந்தது. விரலை ஓர் அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் பூவாளியோடு கீழே இறங்கிவிடுங்கள். தொட்டியின் அடி ஓட்டை அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். களிமண்ணாக இருந்தால் செம்மண், மணல், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து மாற்றி நடுங்கள். சித்திரை வெயிலில் மட்டும் சிறிய தொட்டிகளுக்கு இரண்டு வேளை தேவைப்படலாம். அப்போது தளத்துச் சூடு வேரில் ஏறாதபடி தொட்டிக்கு அடியில் நாலு செங்கல் கொடுங்கள்.

பூ குறைந்துவிட்டது. என்ன உரம் போடலாம்? (வாசகி, ஈரோடு)

உர மூட்டையை விடுங்கள், கத்தரியை எடுங்கள். வாடிய கொத்தை, அடுத்த கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் பக்கக் கிளை வெடிக்கும்; கிளைதோறும் பூ. பூக்காத நுனிகளை ஈர மணலில் செருகினால் சில வாரத்தில் வேர் பிடிக்கும். யூரியா பக்கம் போகாதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் கீரைப்பாத்தி மாதிரி இலைதான் மண்டும்.

எருக்கம் பூவும் நட்சத்திரம்தானே? அதையே தொட்டியில் வைத்தால் என்ன? (வாசகர், சேலம்)

பிள்ளையாருக்குச் சம்மதம்தான். எனக்கில்லை. அதன் பால் கண்ணில் பட்டால் டாக்டரிடம்தான் ஓட வேண்டும். காலி மனையில் இருப்பதை மட்டும் வெட்டாதீர்கள். வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியின் புழுவுக்கு அந்த இலைதான் சாப்பாடு.

நர்சரியில் ஸ்டபீலியா என்று வாங்கினேன். அழகான பெரிய நட்சத்திரப் பூ. ஆனால் அன்றிலிருந்து மாடியில் செத்த எலி நாற்றம்! (வாசகி, கோவை)

எலியைத் தேடாதீர்கள், பூவை மோந்து பாருங்கள். தென்னாப்பிரிக்கச் சரக்கு அது. அழுகிய இறைச்சி வாடை காட்டி ஈயை வரவழைக்கும். ஈ அதை இறைச்சி என்றே நம்பி முட்டையும் இட்டு, மகரந்தமும் சுமந்து போகும். மற்றபடி தொந்தரவில்லாத செடி. வெயிலும் தாங்கும், தண்ணீரும் அதிகம் கேட்காது. ஜன்னலுக்கு எட்டாத மூலையில் வையுங்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டிய விருந்தாளி வந்தால் வரவேற்பறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.