பதினெட்டு நாளுக்குப் பதினெட்டுப் புடவையா?

கேள்வி: நானும் என் கணவரும் சிங்கப்பூரிலிருந்து சிட்னிக்கு 18 நாள் சொகுசுக் கப்பலில் போகப்போகிறோம். பெட்டியில் எதை வைப்பது, எதை விடுவது?
– வாசகி, காரைக்குடி

பதில்: முதலில் இஸ்திரிப் பெட்டியை வெளியே எடுங்கள். நடுக்கடலுக்குத் தீயணைப்பு வண்டி வராது. அதனால் கப்பலில் அதற்கு அனுமதி கிடையாது. சலவைக்குக் கப்பலிலேயே வசதி உண்டு. ஏழு புடவை தாராளம்.

மாத்திரைகளை மட்டும் பெரிய பெட்டியில் போடவே போடாதீர்கள்! துறைமுகத்தில் ஒப்படைக்கும் பெட்டி அறைக்கு வந்துசேரச் சாயங்காலம்கூட ஆகலாம். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அதுவரை பொறுமையாக உட்கார்ந்திருக்காது. மருந்து, மருத்துவரின் சீட்டு, பாஸ்போர்ட், மூக்குக்கண்ணாடி, ஒரு மாற்றுடை எல்லாம் கைப்பையில்தான் இருக்கவேண்டும். மாத்திரை பயண நாட்களைவிடப் பத்து நாளுக்குக் கூடுதலாகவே இருக்கட்டும். கடலில் மெடிக்கல் ஷாப் தெருமுனையில் இல்லை.

கறிவேப்பிலைக் கொத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். ஆஸ்திரேலியர்கள் தங்கள் பயிர்களை நோயிலிருந்து காக்க ஒவ்வொரு இலையையும் விதையையும் சோதிப்பவர்கள். தின்பண்டம் எதுவானாலும் இறங்கும்போது எழுதிக் காட்டிவிடுங்கள்; மறைத்தால் அபராதம்.

தலைசுற்றலுக்குப் பயமா? கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். சீசா பலகையின் நடுவில் உட்கார்ந்த பிள்ளைக்கு ஆட்டம் குறைவுதானே! இஞ்சி மிட்டாயும் கொஞ்சம் வைத்துக்கொள்ளுங்கள்.

கிளம்பும்முன் கேஸை மூடி, பால்காரரிடம் சொல்லிவிட்டு, துளசிக்குத் தண்ணீர் ஊற்ற எதிர்வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுங்கள். அந்த ஏழில் அவருக்கும் பிடித்த புடவை ஒன்று இருந்தால், அதைக் கட்டிக்கொண்டு எடுத்த படத்தை முதலில் அவருக்கே அனுப்புங்கள்.