அப்பாவுக்கு எப்போது சுகர் வந்தது?

போன வியாழக்கிழமை எங்கள் ஆபீஸில் 'ஃபைனான்ஷியல் வெல்பீயிங்' கூட்டம். ஏற்பாடு எச்.ஆர். செவ்வாய்க்கிழமைதான் அதே எச்.ஆர். எங்கள் டீம் மொத்தமும் 'அட் ரிஸ்க்', அதாவது வேலை போகலாம், என்று மெயில் அனுப்பியிருந்தது. வியாழக்கிழமை பிட்சா வரவழைத்து, வெளியிலிருந்து ஒருவரைக் கூப்பிட்டு, "உங்கள் பெரிய சொத்து வீடு அல்ல, உங்கள் சம்பளம். அதை இன்ஷூர் செய்துவிட்டீர்களா?" என்று கேட்கவைத்தார்கள். கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே மஃப்ளர் விற்கிற வியாபாரம்.

கை தூக்கினேன். "வேலை போனால் இது பணம் கொடுக்குமா?"

கொடுக்காதாம். வேலை இருந்து உடம்பு போனால் உண்டு. உடம்பு இருந்து வேலை போனால் கிடையாது. இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த கனிவை நினைத்தால் இன்னும் எரிகிறது.

வேலை போவதற்கென்று தனி பாலிசி இருக்கிறது. பெரும்பாலும் ஒரு வருஷத்துக்கு மேல் கொடுக்காது. வாங்கிய முதல் சில மாதங்களுக்குள் வேலை போனால் செல்லாது. ஆட்குறைப்புச் சேதி காதில் விழுந்த பிறகு வாங்கினாலும் செல்லாது. 2020 மார்ச்சில் கொரோனாவுக்குப் பயந்து ஊரே இந்தப் பாலிசியைத் தேடியபோது, பல கம்பெனிகள் புதிதாக விற்பதையே நிறுத்திவிட்டன. இத்தனைக்கும் இங்கே லண்டன் இன்ஷூரன்ஸ் தொழிலில் பெரும் பகுதி, 1680களில் எட்வர்ட் லாயிட் என்பவர் டவர் ஸ்ட்ரீட்டில் நடத்திய காபிக்கடையில் வளர்ந்தது. கும்பகோணத்துக்காரன் என்ற முறையில் காபிக்கடையில் பிறந்த எதன் மீதும் எனக்கு மரியாதை உண்டு. அதையும் கெடுத்துவிட்டார்கள்.

சரி, உடம்புக்காவது எடுத்துவைப்போம் என்று ராத்திரி லேப்டாப்பைத் திறந்தேன். உங்களுக்குத் தெரியாததா? நாலு கம்பெனி 'கோட்' பார்த்து, எக்ஸெல்லில் ஏற்றி, மஞ்சள் கலர் அடித்து, எதையும் வாங்காமல் படுக்கப்போவோமே, அதேதான். பிரிட்டிஷ் அரசாங்கம் கட்டாயப்படுத்தியிருக்கும் சிக் பே 2025 ஏப்ரலில் வாரத்துக்கு 118.75 பவுண்டு ஆனது. அதுவும் 28 வாரம்தான். ஈஸ்ட் ஹாமில் ஒரு ரூம் வாடகைக்குக்கூடப் பத்தாது. ஆகவே பாலிசி வேண்டும், மலிவாகவும் வேண்டும். மலிவாக எடுக்க வழி இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தப் படிவம்.

நான் புகைக்கிறேனா, குடிக்கிறேனா, மலை ஏறுகிறேனா என்பதெல்லாம் நொடியில் முடிந்தது. அடுத்த கேள்வி: உங்கள் பெற்றோருக்கு 60 வயதுக்கு முன் சர்க்கரை நோய் வந்ததா?

அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"உங்கப்பாவுக்கு எங்கடா சுகர்? பார்டர்ல இருக்கு, அவ்வளவுதான்."

"மாத்திரை போடறாரேம்மா."

"அது பார்டர்லயே நிக்கறதுக்கு."

எப்போது வந்தது என்றேன். மகாமகத்துக்குப் பிறகு என்றாள். எந்த மகாமகம்? ஜெயலலிதா வந்து குளித்தது 1992. அது இல்லையாம், அதற்கு அடுத்தது. அப்படியானால் 2004 மார்ச்சுக்கு அப்புறம். "சுனாமி வந்தன்னிக்கு மாத்திரையை வாயில போட்டுக்கிட்டேதான் டிவி பாத்தார்" என்றும் சேர்த்துக்கொண்டாள். ஆக, மார்ச்சுக்கும் டிசம்பர் 26க்கும் நடுவில். என் ஜிபி டாக்டர் எந்த வியாதியையும் இவ்வளவு துல்லியமாக நெருங்கியதில்லை.

இனி வயது. அப்பா தாரண வருஷம் ஆவணியில் பிறந்தவர், அதாவது 1944. பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று ஹெட்மாஸ்டர் எழுதியது 1946 ஜூன் 1. அந்தத் தலைமுறையில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தது அப்படித்தான். எனவே 2004 மே 31ஆம் தேதி மின்வாரியத்தில் 58 வயது முடிந்து மாலை மரியாதையோடு ரிட்டையர் ஆனார். மூன்று மாதம் கழித்து, ஆவணியில், திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்துகொண்டார். மின்வாரிய ஆட்கள் இரண்டுக்கும் வந்து சாப்பிட்டார்கள். ஒருவரும் கணக்குக் கேட்கவில்லை.

இப்போது சிக்கல் இதுதான். சுகர் திருக்கடையூருக்கு முன்பா, பின்பா? பின்பு என்றால் ஜாதகப்படி நான் தப்பித்தேன். அம்மா சாட்சி சொன்னாள்: "அங்க ரெண்டு தொன்னை சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டார். சுகர் இருந்தா விட்டிருப்பேனா?" எமனையே எட்டி உதைத்த சன்னதியில் நடந்ததாயிற்றே என்று நானும் நம்பினேன். சென்னையிலிருக்கும் அண்ணன் கெடுத்தான். ஆடி மாதமே ரிசல்ட் வந்துவிட்டதாம், கல்யாணம் முடியட்டும் என்று அப்பா அதை பஞ்சாங்கத்துக்குள் ஒளித்துவைத்தாராம். மாயவரத்து அத்தை அதற்கும் மேலே போனாள்: "அவனுக்கு சின்ன வயசுலேயே இருந்துச்சுடா, யாரு பாத்தா?" கடைசியாக அப்பாவையே கேட்டேன். "எனக்கு சுகரே இல்லை. அந்த டாக்டருக்கு மாத்திரை விக்கணும்" என்று போனை வைத்துவிட்டார்.

பிரிட்டனில் 2012இல் வந்த சட்டம் ஒன்று இருக்கிறது. இன்ஷூரன்ஸ் எடுப்பவர் கேள்விகளுக்குப் பதில் சொல்லும்போது நியாயமான அளவு கவனம் எடுக்க வேண்டும். அத்தை வரைக்கும் போவது நியாயமான அளவுதானா என்று அதில் இல்லை.

கம்பெனிக்கே போன் செய்து, தாரண வருஷத்தில் ஆரம்பித்து விளக்கினேன். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பாஸ்போர்ட்டில் என்ன இருக்கிறது?" என்றாள். 1946. "அப்படியானால் 58. தோராயமாகச் சொன்னால் போதும்" என்று தட்டிக்கொண்டாள். தோராயமாகவாம்! ஒரு குடும்பத்தையே பகைத்துக்கொண்டு வாங்கிய சாட்சியம்.

மலிவைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன் அல்லவா? விஷயம் சுலபம். உடம்புக்கு முடியாமல் போன நாளிலிருந்து பணம் வர ஆரம்பிக்கும் நாள் வரை ஒரு காத்திருப்புக் காலம் இருக்கிறது. நாலு வாரம், 13 வாரம், 26 வாரம் என்று நாமே வைத்துக்கொள்ளலாம். அதை நீட்ட நீட்ட பிரீமியம் இறங்கும். ஆபீஸ் எத்தனை மாதம் முழுச் சம்பளம் தரும் என்று பார்த்து, அதை ஒட்டி... ஆனால் ஆபீஸே இருக்குமா என்று தெரியாதவன் எதை ஒட்டி வைப்பான்? இதை நான் எக்ஸெல்லில் மஞ்சள் அடித்துக்கொண்டிருக்கும்போதே அம்மா திரும்பக் கூப்பிட்டாள்.

"உங்கப்பாவை மட்டும்தான் கேட்டாங்களா? என்னைக் கேக்கலையா?"

"கேட்டிருக்காங்க. உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே."

"ஒண்ணும் இல்லைதான். அந்த ஆபரேஷன் ஒண்ணு."

"எந்த ஆபரேஷன்?"

"உனக்கு இன்ஜினியரிங் கவுன்சலிங் நடந்தப்ப. படிப்பு கெட்டுடும்னு சொல்லலை."

"என்னம்மா இது? எந்த வருஷம்?"

"அது மகாமகம் இல்லாத வருஷம்டா. எப்படிச் சொல்றது?"