காற்றடைத்த சட்டையும் ஒருநாள் சக்கரவர்த்தியும்

கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் மேலே, அலையிலிருந்து சாலை வழியே சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் பெங்களூரில், சில்க் போர்டு சிக்னலில் வைத்து என் உயிர்காப்புச் சட்டை தானாக விரிந்துகொண்டது. கடலோர முல்கிக்குப் போய் சர்ஃபிங் கற்றுக்கொள்ளலாம் என்று வாங்கியது. பையில் இடமில்லாததால் மாட்டிக்கொண்டே ஸ்கூட்டரில் கிளம்பினேன். அக்டோபர் மழை. கழுத்தோரம் ‘டப்’ என்று ஒரு சத்தம், பிறகு ‘புஸ்ஸ்’. கண்மூடித் திறப்பதற்குள் தாடைக்குக் கீழே இரண்டு மஞ்சள் தலையணைகள். தலையைத் திருப்ப முடியவில்லை. பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்டார்: “என்னா சார், வெள்ளம் வந்தாச்சா, இல்ல இனிமேதானா?”

நடந்தது இதுதான். சட்டைக்குள் ஒரு மாத்திரை இருக்கிறது. நனைந்தால் கரையும். கரைந்தால் ஸ்பிரிங் விடுபட்டு, ஊசி பாய்ந்து, சின்ன சிலிண்டரில் அடைத்திருக்கும் 33 கிராம் கரியமில வாயு பைக்குள் புகும். கோலி சோடாவில் இருக்கும் அதே வாயுதான். அரபிக்கடலுக்கும் சில்க் போர்டுக்கும் மாத்திரைக்கு வித்தியாசம் தெரியாது. 2022 செப்டம்பர் வெள்ளத்தில் மென்பொருள் பொறியாளர்கள் டிராக்டரில் ஏறி ஆபீஸ் போன ஊர் இது. மாத்திரையைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அவமானத்தோடு வீடு திரும்பி, இந்தச் சட்டையின் பூர்வீகத்தை நோண்டினேன். ஏறக்குறைய மூவாயிரம் வருஷக் கதை. அதில் மனிதன் கண்டுபிடித்தது ஒரு பையும் அதற்குள் காற்றும். மீதி எல்லாம் யார் ஊதுவது என்கிற தகராறு.

கி.மு. 9ஆம் நூற்றாண்டு. அசீரிய மன்னன் இரண்டாம் அஷுர்நசிர்பாலின் நிம்ருத் அரண்மனையில் ஒரு புடைப்புச் சிற்பம். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. கரையில் வில்லாளிகள். ஆற்றில், தப்பி ஓடுகிறவர்கள் ஆட்டுத்தோல் பையைக் கட்டிப்பிடித்து நீந்துகிறார்கள். முதுகில் அம்பு பாயும் நேரத்திலும் வாயால் ஊதவேண்டிய நிலைமை. ‘பயன்படுத்தும் முன் காற்று நிரப்பவும்’ என்று ஆட்டின் மேல் யாரும் அச்சடித்துக் கொடுக்கவில்லை.

கி.மு. 329இல் அலெக்சாண்டர் ஆக்சஸ் நதிக்கரையில் வந்து நின்றான். பாலம் கட்ட மரமில்லை. கூடாரத் தோல்களைப் பிரித்து, காய்ந்த வைக்கோல் திணித்துத் தைத்து, ஐந்து நாளில் படையை அக்கரை சேர்த்தான். உலகை வெல்லப் போன படை அன்று ராத்திரி எதற்குள் படுத்தது என்பதைப் பற்றி நம் பாடப்புத்தகங்கள் மூச்சு விடுவதில்லை.

நம்மவர்கள் இவ்வளவு மெனக்கெடவில்லை. பல்லவ மன்னன் அப்பரைக் கல்லில் கட்டிக் கடலில் போட்டான். கல் மிதந்தது. கடலூர்ப் பக்கம் திருப்பாதிரிப்புலியூரில் கரையேறினார் என்கிறது தொன்மம். அந்த இடத்துக்குக் கரையேறவிட்ட குப்பம் என்றே பெயர். சிலிண்டர் வேண்டாம், மாத்திரை வேண்டாம், ஐந்தெழுத்து போதும். ஒரே சங்கடம், அப்பராக இருக்கவேண்டும்.

அப்பராக இல்லாதவர்களின் கதைக்கு வருவோம். கெம்பே கௌடா பெங்களூருக்குக் கோட்டை கட்டியது 1537இல் என்பார்கள். இரண்டே வருஷம் கழித்து, 1539 ஜூனில், வடக்கே சௌசாவில் ஹுமாயூன் தூங்கிக்கொண்டிருந்தார். எதிரி ஷேர் கான் விடியற்காலையில் படையோடு வந்து எழுப்பினார். எழுந்த வேகத்தில் பாதுஷா குதிரையோடு கங்கையில் பாய்ந்தார். குதிரை போயிற்று. பாதுஷாவும் போகவேண்டியவர்தான். அவருடைய அப்பா பாபர் இதே கங்கையை முப்பத்து மூன்று வீச்சில் நீந்திக் கடந்ததாக எண்ணி எழுதிவைத்தவர். பிள்ளைக்கு அந்தப் பாடம் நடத்தப்படவில்லை போலிருக்கிறது.

அப்போது நிஜாம் என்கிற தண்ணீர்க்காரர் தன் தோல்பையை ஊதி நீட்டினார். படைக்குத் தண்ணீர் சுமக்கும் பை. அன்று தண்ணீரைக் கொட்டிவிட்டுக் காற்றைச் சுமந்தது. பிடித்துக்கொண்டு கரை சேர்ந்தார் ஹுமாயூன். மூச்சு வாங்கியதும், “உன்னைச் சிம்மாசனத்தில் உட்காரவைக்கிறேன்” என்று வாக்குக் கொடுத்தார். தண்ணீரில் கொடுத்த வாக்கு தரையேறினால் ஆவியாகிவிடும் என்பது அரசியல் விதி. இவர் விதிவிலக்கு. ஆக்ராவில் நிஜாமை நிஜமாகவே அரியணையில் ஏற்றினார். இரண்டு நாள் என்று எழுதுகிறார் தங்கை குல்பதன் பேகம். அரை நாள்தான் என்று கணக்கைக் குறைப்பவர்களும் உண்டு. தோல்பையை வெட்டி நாணயம் அடித்தார் நிஜாம் என்று கதை வேறு. தம்பி கம்ரானுக்கு வயிறு எரிந்தது: வேறு ஏதாவது பரிசு கொடுத்தால் ஆகாதா, ஷேர் கான் பக்கத்தில் நிற்கும்போது இது என்ன விளையாட்டு? கேள்வி நியாயம்தான். அடுத்த வருஷமே ஹுமாயூன் மறுபடி தோற்றார்; பிற்பாடு நாட்டைவிட்டே ஓடினார். ஆனால் அந்த வம்சம் பிழைத்து அக்பரும் தாஜ்மஹாலும் வந்ததற்குக் காரணம் ஒரு ஆட்டுத்தோலும் ஒரு ஆள் மூச்சும்.

இதற்கப்புறம் வெள்ளைக்காரன் தக்கையைக் கட்டினான். 1861இல் இங்கிலாந்தின் விட்பி கரையில் மீட்புப் படகு கவிழ்ந்து பதின்மூன்று பேரில் பன்னிரண்டு பேர் மாண்டார்கள். தக்கைச் சட்டை போட்டிருந்த ஹென்றி ஃப்ரீமன் மட்டும் தப்பினார். அடுத்து வந்தது இலவம் பஞ்சு. கிளியை ஏமாற்றிய அதே இலவு மாலுமியை ஏமாற்றவில்லை. 1928இல் பீட்டர் மார்கஸ் என்ற அமெரிக்கர் ஊதிப் பெருக்கும் சட்டைக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டாம் உலகப்போர் விமானிகள், ஊதினால் மார்பு எடுப்பாகத் தெரிகிறது என்று, நடிகை மே வெஸ்ட்டின் பெயரையே அதற்குச் சூட்டினார்கள்.

அந்தப் போரில் பெங்களூருக்கும் ஒரு வேஷம் கிடைத்தது. பழுதுபார்க்க வந்த கேட்டலினா கடல்விமானங்கள் பெல்லந்தூர் ஏரியில் இறங்கின. ஆமாம், அதே பெல்லந்தூர். பிற்காலத்தில் நுரை பொங்கித் தீப்பிடித்த ஏரி. அங்கே விழுந்தால் உயிர்காப்புச் சட்டை போதாது, தீயணைப்பு வண்டியும் வேண்டும். கடலில்லாத ஊர் என்று இளப்பமாக நினைக்கவும் வேண்டாம். 1912இல் இங்கே மெட்ராஸ் சாப்பர்ஸ் ராணுவப் பிரிவின் அதிகாரி மெக்ளின்டாக் முள்வேலி தகர்க்க ஒரு வெடிகுழாய் செய்தார். ‘பெங்களூர் டார்பிடோ’ என்று உலகப்புகழ் பெற்றது. தண்ணீரே படாத டார்பிடோ.

கடைசியில் சர்ஃபர்கள். 2010இல் கலிபோர்னியாவின் மேவரிக்ஸில் ஷேன் டோரியன் என்ற ஹவாய்க்காரரை அடுத்தடுத்து இரண்டு அலைகள் அடியிலேயே அழுத்திவைத்தன. பிழைத்து வந்தவர், பில்லபாங் நிறுவனத்தின் ஹப் ஹப்பர்டோடு சேர்ந்து முதுகில் பை வைத்த ஓர் உடுப்பைச் செய்தார். இழுகயிறு, சிலிண்டர், பை. மாத்திரை கிடையாது. என் தப்பு எனக்கு உறைத்தது இங்கேதான். சர்ஃபர் அலைக்கு அடியில் முங்கித் தப்பவேண்டியவர்; தடித்த நுரைச் சட்டையோ தானே ஊதும் சட்டையோ அவரை மேலே தூக்கி அலையின் வாயில் கொடுத்துவிடும். விண்ட்சர்ஃபிங்கில் பாய்மரம் தலைமேல் சாயும். அந்த நேரத்தில் சட்டை ஊதினால் பாய்க்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடக்கவேண்டியதுதான். எப்போது ஊதுவது என்பதை உங்கள் கைதான் முடிவு செய்யவேண்டும்.

முல்கிக்குப் போகிற பெங்களூர் மக்களுக்கு அடியேன் சொல்வது இவ்வளவே. படகுக்குத்தான் மாத்திரைச் சட்டை. அலைக்கு இழுகயிறு. சட்டை எதுவானாலும் முதலில் நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள். ஒரு தடவை ஊதிய சிலிண்டர் காலி. புதிது மாட்டாமல் போகாதீர்கள். சிலிண்டரின் மேலேயே எடை பொறித்திருக்கும். சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். குறைந்தால் வாயு கசிந்திருக்கிறது. பாபருக்கு முப்பத்து மூன்று வீச்சு; நமக்கு 33 கிராம். எண்ணிப் பார்த்துவிட்டுத் தண்ணீரில் இறங்குங்கள். பக்கத்தில் நிஜாம் இருக்கமாட்டார்.