நட்டவக பேரு பலகையில, ஊத்துனவ பேரு எங்கப்பு?

வாங்கப்பு, வாங்க. பசுமைச் சங்கத்துத் தம்பிமாரெல்லாம் மொத்தமா வந்திருக்கீக. திண்ணையில எடம் இருக்கு, உக்காருங்க. ஆண்டு விழாவுக்கு வாழ்த்துரை வேணும்னு கேட்டீகளாமே? வாழ்த்துறதுக்கு வரியா போட்டிருக்கான், நல்லா இருங்க! ஆனா கிழவன் வாயில வாழ்த்து மட்டும் தனியா வராது, கூடவே நாலு வம்பும் வரும். பொறுத்துக்கிறவக இருந்து கேளுங்க, முடியாதவக மோரைக் குடிச்சுட்டுக் கெளம்புங்க.

மொதல்ல ஒரு சந்தேகம். சங்கம் பதியணும்னா கொறஞ்சது ஏழு பேரு வேணும்னு 1975-ஆம் வருசத்துச் சட்டத்துல இருக்குன்னாக. நீங்களும் ஏழு பேரு இருக்கீக. தலைவரு, துணைத் தலைவரு, செயலாளரு, துணைச் செயலாளரு, பொருளாளரு, ஒருங்கிணைப்பாளரு, கவுரவ ஆலோசகரு. கணக்குச் சரியாத்தான் இருக்கு. மம்பட்டி புடிக்கிறவரு இதுல எந்தப் பதவியில வருவாரு? சட்டத்துல அதுக்கு எடமில்லைன்னா விட்டுருங்க, சும்மாதான் கேட்டேன்.

ஜூன் அஞ்சாந்தேதி நடுகை விழாவுக்கு நானும் வந்திருந்தேன். ஆலங்குடி ரோட்டோரம் பந்தலு, மைக் செட்டு, பத்தடிக்கு எட்டடி பிளக்ஸு. அதுல நீங்க ஏழு பேரும் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தூரத்தைப் பாக்குறீக. கன்னு எங்கடான்னு தேடுனேன். பிளக்ஸுக்கு அடியில முழங்கா உசரத்துல ஒரு வேப்பங்கன்னு, நெழலுக்கு அந்தப் பிளக்ஸையே நம்பி நின்னுச்சு. அதைப் புடிக்கப் பதினாலு கை. போட்டோக்காரத் தம்பி, "சிறப்பு விருந்தினரு மொகம் மறைக்குது, இன்னொரு தடவை மண்ணைத் தள்ளுங்க"ங்கிறான். தள்ளுறீக. "கேமராவைப் பாத்துத் தள்ளுங்க"ங்கிறான். மறுபடியும் தள்ளுறீக. போட்டோ நல்லா வர்றதுக்குள்ள கன்னு கழுத்து வரைக்கும் பொதஞ்சு போச்சு.

அந்தத் தேதியை நமக்கு யாருப்பா குறிச்சுக் குடுத்தது? 1972-ல ஸ்வீடன் நாட்டு ஸ்டாக்ஹோம்ல உலகமே கூடி சுற்றுச்சூழலைப் பத்தி ஒரு மாநாடு போட்டுச்சு. அது தொடங்குன நாளுதான் ஜூன் அஞ்சு. ஸ்வீடன்காரவுகளுக்கு அப்பத்தான் வெயிலு கண்ணுல படுது, கொண்டாடுறாக. சரி, டெல்லிக்காரவுகளாவது நமக்கு ஒத்து வருவாகளான்னு பாத்தா, 1950-ல முன்ஷி மந்திரியா இருந்தப்ப வன மகோத்சவங்கிற நடுகை விழாவை ஜூலை மொத வாரத்துல வச்சுட்டாரு. அவுகளுக்கு அது தென்மேற்குப் பருவம், வானம் பொத்துக்கிட்டு ஊத்தும். நம்ம புதுக்கோட்டைச் சீமையில ஆடி ஆவணியில ரெண்டு இடிமழை விழுந்தா உண்டு. நின்னு பெய்யிறது ஐப்பசி, கார்த்திகையிலதான். பொரட்டாசிக் கடைசியில நட்டா, மழையைக் குடிச்சு, மார்கழிப் பனியையும் வாங்கி, கோடை வர்றதுக்குள்ள வேரு ஆழம் போயிரும். வைகாசியில நட்டா, பிளக்ஸைக் கழட்டின மறுநாளே கன்னு வாடிரும்.

அதுக்காக ஜூன் அஞ்சை விட்டுறச் சொல்லலை. மைக் செட்டுக்காரனும் பொழைக்கணுமே. அன்னைக்குக் கன்னு நடாதீக, குழி வெட்டுங்க. ரெண்டடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி ஆழம். வெயில்ல காஞ்சு ஆறட்டும், மழைக்கு முன்னாடி மேமண்ணும் தொழுவுரமும் கலந்து போடுங்க. குழியோட போட்டோ எடுத்துப் போட்டா எவனும் லைக் போட மாட்டாங்கிறீகளா? போடாட்டிப் போறான். குழிக்கு அதெல்லாம் தெரியாது.

கன்னை வைக்கிறப்ப அந்தக் கறுப்புக் கவரைக் கிழிச்சு எடுத்துட்டு வைங்கப்பு. சிரிக்காதீக. விழா முடிஞ்சு ரெண்டு மாசங் கழிச்சு, பட்டுப்போன புங்கன் ஒண்ணைப் புடுங்கிப் பாத்தேன். கவரு முழுசா அப்படியே இருக்கு, நர்சரிக்காரவுக எழுதுன நம்பரு கூட அழியலை. வெளிய போக வழியில்லாம வேரு கவருக்குள்ளயே வளைஞ்சு வளைஞ்சு சுத்தியிருக்கு. நட்டவரு அவசரத்துல இருந்திருப்பாரு. அடுத்த ஊருல இன்னொரு விழாவுக்குத் தலைமை தாங்கணுமில்ல.

அடுத்தது ஆடு. ஆட்டுக்கு நம்ம சங்கத் தீர்மானம் எதுவும் தெரியாது. அதனால இரும்புக் கூண்டு வச்சீக, நல்லதுதான். கூண்டு மேல உபயதாரரு பேரு, அவுக அப்பா பேரு, கடை பேரு, போன் நம்பரு. உள்ள இருக்கிறது என்ன மரம்னு மட்டும் எழுதலை. போவட்டும். ஆனா பேரு எழுதுனவரு நாலஞ்சு வருசம் கழிச்சு வந்து கூண்டைக் கழட்டவும் செய்யணும். இல்லைன்னா மரம் பருத்து, கம்பி பட்டைக்குள்ள எறங்கிரும். கூண்டுக்குக் காசில்லாத எடத்துல சீமைக்கருவை முள்ளை வெட்டி வட்டமா ஊனுங்க. 2017-ல ஐகோர்ட்டு மதுரைக் கிளை அதை வேரோட அழிக்கச் சொல்லி உத்தரவு போட்டுச்சு. ஊரு ஊருக்கு ஜேசிபி கெளம்புச்சு, அப்புறம் திரும்பிப் போயிருச்சு, கருவை அப்படியேதான் நிக்கிது. இருக்கிறதை வேலிக்காவது ஆக்குங்க. கம்மாக்கரையில கன்னே வேணாம். மழைக்காலத்துல கையி மொத்தத்துல ஆலம் போத்து, பூவரசம் போத்து வெட்டி ஊனி, தலையில சாணியை அப்பி வைக்கோலைச் சுத்துங்க. ஆளு உசரத்துல இருந்தா ஆட்டுக்கும் எட்டாது, உபயதாரரையும் தேட வேண்டாம்.

என்ன மரம் வைக்கிறதுன்னு யாரைக் கேட்டீக? சும்மா கெடைச்சதை வச்சீக. இப்படித்தான் 1981-ல ஸ்வீடன் காசு வந்து, சமூகக் காடுன்னு சொல்லி, கம்மாக்குள்ள கருவேலம் நட்டாக. வெறகு கெடைச்சுச்சு, ஏலக்காசும் வந்துச்சு, தண்ணி நிக்கிற எடத்துல மரம் நின்னுச்சு. தைலமரம் வந்த கதை உங்களுக்கே தெரியும், மழைத்தண்ணி கம்மாய்க்கு வரலைன்னு இன்னைக்கும் சனம் பொலம்புது. ஆக, மரம்னு சொன்னாலே நல்லதுன்னு குருட்டுத்தனமாக் கும்புட வேண்டாம். அய்யனாரு கோயில்காட்டுக்குப் போயிப் பாருங்க. பாலை, காசான், நாவல், இலுப்பை, உசிலைன்னு அம்புட்டும் நிக்கிது. எந்தச் சங்கம் நட்டுச்சு? வெதையைக் கொண்டாந்து போட்டது குருவியும் நரியும். நம்ம முப்பாட்டன்மாரு செஞ்சதெல்லாம் ஒண்ணே ஒண்ணுதான், சாமிக்குப் பயந்து வெட்டாம விட்டாக. அங்க விழுகிற வெதையைப் பொறுக்கி நாத்து விடுங்க. வேப்பமுத்தைப் பொறுக்குனா உடனே போட்டுறணும், பரண்ல வச்சா மொளைக்காது.

பனையைப் பத்தியும் சொல்லணும். 2021-ல வேளாண்மைக்குன்னு தனி பட்ஜெட்டு போட்டப்ப 76 லட்சம் பனை வெதைன்னு அறிவிச்சாக. அன்னையில இருந்து எல்லாச் சங்கமும் லட்சத்துலதான் பேசுறீக. பனைக்குத் தண்ணி ஊத்த வேணாம், கூண்டும் வேணாம். அது மொதல்ல பூமிக்குள்ள எறங்கும், மாசக்கணக்குல மேல ஒண்ணுமே தெரியாது. அதனால பொறுமைசாலிக்கு ஏத்த மரம், அதைவிடப் புளுகுறவனுக்கு ஏத்த மரம். "ஒரு லட்சம் நட்டோம்"னு சொன்னா எவன் தோண்டிப் பாக்கப் போறான்? ஆனா தோண்டுனாக. நீங்க கம்மாக்கரையில நெருக்கிப் பொதைச்சதை நம்ம பயலுகளே தை மாசம் கெழங்காப் புடுங்கி, அவிச்சுத் தின்னுட்டாக. அதையும் ஆண்டறிக்கையில எழுதுங்க, மக்களுக்கு நேரடியாப் போயிச் சேந்த ஒரே திட்டம் அதுதான்.

ரொம்ப வாரிட்டேன், கொஞ்சம் நல்லதும் சொல்றேன். 2018 நவம்பர் 16, கஜா புயலு. விடிஞ்சு பாத்தா தென்னை, பலா, மா எல்லாம் சாஞ்சு கெடந்துச்சு, வீட்டை விட்டு எறங்க வழியில்ல. அன்னைக்கு நீங்கதான் வாளும் அருவாளுமா வந்து, ரோட்டை மறிச்சுக் கெடந்த மரத்தையெல்லாம் அறுத்து ஒதுக்குனீக. ஊருல கரண்டு இல்லை, செல்லுல சார்ஜு இல்லை, ஒரு போட்டோ கூடக் கெடையாது. உங்க சங்கம் இதுவரைக்கும் செஞ்சதுலயே நல்ல வேலை அதுதான். அப்பச் சங்கத்துக்குப் பேரே வைக்கலை, அதையும் கவனிச்சுக்கங்க.

இப்பச் சொல்ல வந்த விசயத்துக்கு வாரேன். கல்யாணத்துக்கு வந்த கூட்டம் புள்ளை வளக்க வராது. நடுகை விழாவும் அதே சங்கதிதான். ரோட்டோரம் நீங்க நட்டதுல பொழைச்சுக் கெடக்கிறதெல்லாம் யாரால? நூறு நாளு வேலைக்கு வர்ற அந்த மூக்குத்திக்காரம்மா, இடுப்புல ஒண்ணு தலையில ஒண்ணுன்னு கொடத்தைச் சொமந்து ஊத்துனதால. வேலை இல்லாத நாள்லயும் பாத்திரங் கழுவுன தண்ணியைக் கொண்டாந்து வேப்பங்கன்னுக்கு ஊத்துது. கடனுக்கு டேங்கர் அடிச்ச டிராக்டர்காரன், நர்சரியில செம்மண்ணும் மணலும் ஒரமும் கலந்து விடிய விடியக் கவரை ரொப்புன பொம்பளைக, "கன்னுப் பக்கம் விடாதே"ன்னு சொன்னதுக்கு ஆட்டை வேற பக்கம் ஓட்டுன பய, இவுகதான் சங்கம். உங்க பிளக்ஸுல இவுகள்ல ஒருத்தரு மொகம் உண்டா?

கர்நாடகாவுல திம்மக்கான்னு ஒரு அம்மா. ஹுலிகல்லுக்கும் கூடூருக்கும் நடுவுல ரோட்டோரம் வரிசையா ஆலமரம் வளத்துச்சு. அதுவும் வீட்டுக்காரரும் கொடத்துல தண்ணி சொமந்து ஊத்தி, முள்ளு வச்சு காபந்து பண்ணுனாக. பள்ளிக்கூடமே போகாத அந்த அம்மாவுக்கு 2019-ல பத்மஸ்ரீ குடுத்தாக, 2025-ல கண்ணை மூடுச்சு. கென்யாவுல வங்காரி மாத்தாய்னு இன்னொரு அம்மா, 1977-ல பொம்பளைகளைச் சேத்து மரம் வளக்க ஆரம்பிச்சுச்சு. அங்க நட்ட கன்னுக்குக் காசு கெடையாதாம், பொழைச்ச கன்னுக்குத்தான் காசாம். பேத்தி படிச்சுச் சொன்னா. 2004-ல அந்த அம்மாவுக்கு நோபல் பரிசு குடுத்துட்டாக. இந்த மொறையை நம்ம ஊருல கொண்டாந்தா எத்தனை தலைவரு தேறுவாகன்னு நெனைச்சுப் பாத்தேன், சிரிப்பு வந்துருச்சு.

பெரிய கம்பெனிக்காரவுக லாபத்துல ரெண்டு சதவீதம் சமூகப் பணிக்குச் செலவு பண்ணணும்னு 2013-ல சட்டம் வந்துச்சு. அதைக் கேட்டுத்தான அலையிறீக? கேளுங்க, தப்பில்லை. ஆனா அய்யாயிரம் கன்னுக்குக் கேக்காதீக. ஐநூறு கன்னுக்கும், மூணு கோடைக்கு ஊத்துற தண்ணிக்கும், ஊத்துறவகளுக்குச் சம்பளத்துக்கும் கேளுங்க. குடுக்கிறவன் மொகம் சுளிப்பான், ஏன்னா தண்ணிக்கு நாடா வெட்ட முடியாது.

கடைசியா ஒண்ணு. அடுத்த ஆண்டறிக்கையில நட்டது எத்தனைங்கிற கணக்கே வேணாம். கத்திரி வெயில்ல ஏழு பேரும் நடந்து போயி, உசுரோட நிக்கிறதை மட்டும் எண்ணுங்க. அம்பதுன்னா அம்பதுன்னே எழுதுங்க. ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல தண்ணி ஊத்துனவக பேரை எழுதுங்க, அந்த மூக்குத்திக்காரம்மாவை மேடையில உக்கார வச்சு அந்தக் கணக்கை வாசிங்க. எனக்குச் சால்வை போடணும்னு ஒதுக்குன காசு இருந்தா, அதை டிராக்டர்காரன் பாக்கியில கழிச்சுருங்க.