இகுவானாக்காரர்

நாய் வளர்ப்பவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். யாரும் அவர்களைத் திரும்பிப் பார்ப்பதில்லை. இந்த அநியாயத்தைப் பொறுக்க முடியாதவர்தான் இகுவானாக்காரர். முப்பதை ஒட்டிய வயது, கடனில் வாங்கிய அடுக்குமாடி வீடு, கொலு வைக்கலாம் என்று அம்மா நினைத்திருந்த அறையில் ஆளுயரக் கண்ணாடிக் கூண்டு. வேலிக்கு வேலி ஓணான் ஓடுகிற ஊரில் காசு கொடுத்து ஓணான் வாங்கியிருக்கிறானே என்று அப்பா அங்கலாய்த்தால் கோபம் வந்துவிடும். "ஓணான் இல்லப்பா, கிரீன் இகுவானா. தென் அமெரிக்கா!" விருந்தாளி வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "பயப்படாதீங்க, ஒண்ணும் பண்ணாது" என்பார். வந்தவர் நிஜமாகவே பயப்படாமல் உள்ளே நுழைந்துவிட்டால் முகம் வாடிப்போகும். கூண்டில் இருப்பது என்னவோ பல்லியினம்தான். அவர் தீனி போட்டு வளர்ப்பது விருந்தாளியின் திகைப்பை.

சிக்கலே இங்குதான். திகைப்புக்கு ஆயுள் குறைவு, பிராணிக்கு அதிகம். அதே விருந்தாளி மூன்றாம் தடவை வரும்போது கூண்டைப் பார்க்காமல் நேராகக் காபிக்கு உட்கார்ந்துவிடுகிறார். இகுவானாவோ பத்துப் பதினைந்து வருஷம் இருக்கும். வாலோடு ஐந்தடி நீளும். பால் பைதான் என்கிற மலைப்பாம்பு முப்பது வருஷம்கூட இருக்கும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு நாற்பது, ஐம்பது வருஷம் சாதாரணம். உயிலில் வாரிசை எழுதும்போது அதையும் யார் தலையிலாவது எழுத வேண்டும். ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிதாக இருக்கும்போது அதிர்ஷ்டத்துக்கென்று வாங்குகிற சிவப்புக்காது ஆமை, சாப்பாட்டுத் தட்டளவு வளர்ந்து தொட்டி நாறத் தொடங்கியதும், ஒரு வெள்ளிக்கிழமை கோயில் குளத்தில் விடப்படுகிறது. விட்டவர் புண்ணியம் சேர்ந்ததென்று வீடு திரும்புகிறார். வட அமெரிக்காவிலிருந்து வந்த அந்த ஆமை, குளத்தில் காலங்காலமாக இருக்கும் நம்மூர் ஆமையின் இரையிலும் வெயில்காயும் கல்லிலும் பங்கு கேட்கத் தொடங்குகிறது.

"நாயும் ஒரு காலத்தில் ஓநாய்தானே?" என்பார் இகுவானாக்காரர். நியாயமான கேள்வி. ஆனால் ஓநாய் நாயாகத் தொடங்கிப் பதினைந்தாயிரம் வருஷங்களுக்குக் குறையாமல் ஆகியிருக்கிறது. சோவியத் விஞ்ஞானி பெல்யாயெவ் 1959-இல் தொடங்கிய நரிச் சோதனையில் சில பத்தாண்டுகளிலேயே நரிகள் வாலாட்டிக்கொண்டு மனிதரிடம் வந்தன என்பது உண்மை. அதற்குத் தலைமுறை தலைமுறையாக ஆயிரக்கணக்கான நரிகளைச் சோதித்து, மிகச் சாதுவான சிலவற்றை மட்டும் இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. நம்மவரிடம் இருப்பதோ ஒரே ஓர் இகுவானா, ஒரு பால்கனி. "இது காட்டையே பார்த்ததில்லை சார், பண்ணையில் பொரிந்தது" என்பது அடுத்த வாதம். பண்ணையில் பொரிந்தாலும் அதன் உடம்பு காட்டுக் கணக்கில்தான் நடக்கிறது. வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் படாவிட்டால் சுண்ணாம்புச் சத்து உடலில் சேராது. எலும்பு மெலிந்து வளைந்துவிடும். ஜன்னலோரம் வைத்திருக்கிறேனே என்றால், வேண்டிய கதிரை ஜன்னல் கண்ணாடியே வடிகட்டிவிடுகிறது. அதற்கென்று தனி விளக்கு வேண்டும், அது எரிய மின்சாரம் வேண்டும், நோய் வந்தால் பல்லிக்கு வைத்தியம் தெரிந்த டாக்டர் வேண்டும். கடைசி ஆசாமியைத் தேடுவது வரன் தேடுவதைவிடக் கஷ்டம். எல்லாவற்றுக்கும் மேல், "அவனுக்கு என்னைத் தெரியும், பாருங்க, தலையாட்டுறான்" என்று பெருமைப்படுகிறார். ஆண் இகுவானா தலையை மேலும் கீழும் ஆட்டுவது பெரும்பாலும், இது என் இடம், தள்ளிப் போ என்பதற்காக.

சட்டம் அவர் பக்கம் ஓரளவு இருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பாட்டி வீட்டுக் கூண்டில் இருந்த நம்மூர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வெளிநாட்டு மக்காவ் கிளியையோ இகுவானாவையோ 2024-இல் வந்த விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்து வைத்துக்கொள்ளலாம். குஞ்சு பொரித்தாலும் செத்தாலும் தெரிவித்தாக வேண்டும். ஆனால் பதிவுச் சான்றிதழ் பிராணி எப்படி வந்தது என்பதன் கதையை முழுதாகச் சொல்லாது. பாங்காக்கிலிருந்து வருகிற பயணிகளின் பெட்டிகளில் சென்னை விமான நிலையச் சுங்க அதிகாரிகள் துணியில் சுற்றிய பாம்பையும் டப்பாவில் அடைத்த ஆமையையும் அடிக்கடி கண்டெடுக்கிறார்கள். வாங்க ஆள் இல்லாமலா வருகின்றன?

இதற்காக, வினோதப் பிராணி வளர்ப்பவர்கள் எல்லோரையும் ஒரே தராசில் நிறுக்க முடியாது. சூடும் ஈரப்பதமும் அளந்து, ஒரே பால் பைதானை ஊருக்குக் காட்டாமல் வளர்க்கிறவர், சென்னையின் மே மாதத்தில் சைபீரியன் ஹஸ்கியை மொட்டைமாடியில் கட்டிப்போடுகிறவரைவிட எவ்வளவோ மேல். ஹஸ்கி நாய் என்பதாலேயே அது வீட்டுக்குப் பொருத்தமாகிவிடாது. யாரும் பார்க்க வராவிட்டாலும் பத்து வருஷம் கூண்டு கழுவுவாரா என்பதுதான் கேள்வி. அதில் பாம்புக்காரர் தேறுவார். நம் இகுவானாக்காரர் வீட்டில் இப்போது கீரை நறுக்குவது அம்மா, கூண்டு கழுவுவது அப்பா. அவரோ போனும் கையுமாக, இரவெல்லாம் விழித்திருந்து நாய்க்குட்டிபோல் குரைக்கும் சுகர் கிளைடர் என்கிற குட்டிப் பிராணி என்ன விலை என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார்.